புதுப் போன் வாயடைத்த காலை

இலட்சுமிப்பிள்ளை செட்டிபாளையத்திலிருந்து நாவற்குடாவுக்கு வந்து மூன்று நாளாகிறது. மகன் வீட்டுக்கு வந்த தாயிடம் ஏன் வந்தாய் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அதனால் வந்த காரணத்தை அவளும் இன்னும் சொல்லவில்லை.

காரணம் நமக்குத் தெரியும். கண் பார்வையில்லாத மேனுகாவைத்தான் கட்டுவேன் என்று நிலோஜன் ஒற்றைக் காலில் நின்றபோது அவள் இரண்டு நாள் சோறு தொடவில்லை. கல்யாணத்தன்று கோயிலுக்கு வந்தாள். தாலி ஏறியதும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினாள். ஐந்து மாதம் கழித்து இப்போது வந்திருப்பது, மகனைச் செட்டிபாளையத்துக்கே அழைத்துப் போய்விட. மருமகளும் கூட வரட்டும், அதில் அவளுக்கு மறுப்பில்லை. கண் தெரியாத ஒருத்தியால் தனிக் குடித்தனம் நடத்த முடியாது, மகன்தான் வேலையும் பார்த்து அடுப்பும் ஊதி அலைக்கழிவான் என்பது அவள் முடிவு. அதைக் காட்டிக் கொடுக்க ஒரு சாட்சி வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் தேடுகிறாள்.

கிடைக்கவில்லை. சோறு குழையவில்லை. மீன்குழம்பில் உப்பு சரியாக இருந்தது. தேங்காய் துருவும்போது மேனுகாவின் விரல் ஒரு தடவையும் அறுபடவில்லை. மகன் அடுப்படிக்குப் போனது தேத்தண்ணி ஊற்ற மட்டும். அதிலும் அவன் சீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டான்.

அன்று திங்கட்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து நெடுநேரம் மேனுகா மேசையை விட்டு எழும்பவில்லை. கையில் போன். அதன் முகம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியின் மேல் அவளுடைய விரல்கள் தட்டுவதும் வழுக்குவதுமாக இருக்க, போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது.

இலட்சுமிப்பிள்ளை மெல்ல வந்து அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா இது, செத்த போனை வச்சுத் தட்டிக்கிட்டிரிக்காய்? சார்ஜ் இல்லையா?"

"சார்ஜ் இரிக்கு மாமி. திரைய நான்தான் அணைச்சு வச்சிரிக்கன். எனக்கு வெளிச்சம் என்னத்துக்கு? சார்ஜும் மிச்சம், ஆக்கள் பின்னுக்கு நிண்டு எட்டிப் பாக்கிற கரச்சலும் இல்ல."

இலட்சுமிப்பிள்ளை சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள். சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த நிலோஜன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். பட்டணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவனுக்கு வேலை. இன்றைக்கு மனைவிக்காக அரைநாள் லீவு கேட்டிருந்தான். முதலாளி தரவில்லை, பிந்தி வர மட்டும் சம்மதித்தார்.

"அம்மா, பத்து மணிக்கு அவக்குச் சோதனை. பாசிக்குடா ஹோட்டல்காரர் வைக்கிறாங்க. சத்தம் போடாம இரிங்க."

சோதனை என்றால் பேப்பரும் பேனையும் இல்லை. அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் எது வேண்டுமென்றாலும் போனில் எழுதித்தான் கேட்பார்கள். துவாய், வெந்நீர், நாளைய படகுச் சவாரி, எல்லாம். பதில் எழுதி, உரிய ஆளை அனுப்பி வைக்க ஒருவர் வேண்டும். மேனுகா மனுப் போட்டாள். மனேஜர் டினேஷ் அவளோடு தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் பேசிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஒரே ஒரு தடை. அவர்களுடைய ஏற்பாடு ஐபோனில் மட்டும்தான் வேலை செய்யும். மேனுகாவின் கையில் ஆறு வருடமாக இருந்தது அன்ரொயிட் போன்.

"ஒரு கிழமை தாங்க சேர், மாறிக் காட்டுறன்" என்று அவள் சொல்லிவிட்டாள். நிலோஜன் பட்டணத்தில் யாரோ பாவித்துக் கழித்த ஐபோன் ஒன்றைத் தேடி வாங்கி வந்தான். இன்று அந்த ஏழு நாளும் முடிகிறது.

"போன் எண்டா போன்தானே. அதுல என்ன மாறக் கிடக்கு?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

மேனுகா யோசித்தாள். "மாமி, உங்கட வீட்டுல கண்ணை மூடிக்கிட்டும் கிணத்தடிக்குப் போவீங்கதானே. ஒருநாள் விடியக்குள்ள எழும்பிப் பாத்தா கதவெல்லாம் மற்றப்பக்கம் திறக்குது, அடுப்பு முன்னுக்கு வந்திட்டுது, லைட் சுவிச் எங்கயெண்டு தெரியல்ல. அப்படி இரிக்கும். பழைய போனுல பின்னால போறதுக்கு ஒரு விரலைக் கீழ இழுத்து இடப்பக்கம் வெட்டுற. இதுல ரெண்டு விரலால அங்கிட்டும் இங்கிட்டும் தேய்க்கோணும். எனக்குத் தெரியும், ஆனா விரலுக்கு இன்னும் தெரியா."

"அப்ப பழையதையும் பக்கத்தில வச்சுக்கிட்டுப் பழகுறதுதானே?"

"ரெண்டும் இரிந்தா விரல் ஒண்டையும் பழகாது. அதை என்ர கூட்டாளி நிஸ்றாக்குக் குடுத்திட்டன்."

இலட்சுமிப்பிள்ளைக்கு அது பெரிய துணிச்சலாகவோ பெரிய மடத்தனமாகவோ பட்டது. எதுவென்று தீர்மானிக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்று பார்த்தாள். மேனுகா இரண்டு விரலைக் கண்ணாடியில் ஊன்றி, போத்தல் மூடி திருகுவது போலத் திருப்பினாள். குரல் வேறெதையோ சொன்னது. பிறகு போனைக் குறுக்காகப் பிடித்து, அதன் முகத்தை வெளியே பார்க்கத் திருப்பி, இரண்டு கையிலும் மும்மூன்று விரல்களை அதன்மேல் வைத்தாள். ஆறு விரலும் புல்லாங்குழல்காரன் விரல்கள் போல ஏறி இறங்கின.

"இப்ப என்ன செய்யிறா?" மகனிடம் கிசுகிசுத்தாள்.

"எழுதுறா. பிரெய்ல், புள்ளி எழுத்து. என்னை விடக் கெதியா எழுதுவா."

இறால் உரிக்கிற பெண்களில் கைவேகக்காரி என்று செட்டிபாளையத்தில் பெயரெடுத்தவள் இலட்சுமிப்பிள்ளை. விரல்களின் அருமை அவளுக்குத் தெரியும். அந்த ஆறு விரலிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு மேனுகா போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கக் கிணற்றடிக்குப் போனாள். நிலோஜன் வாசலில் மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

இலட்சுமிப்பிள்ளை போனைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தாள். அவள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், அது வலையானாலும் தையல் மெசினானாலும், சாமிக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசாமல் கை வைத்ததில்லை. இந்தப் போன் வந்து ஒரு கிழமை. யாரும் அதைச் சாமிக்குக் காட்டவில்லை. இன்றைக்குச் சோதனை வேறு.

போனை எடுத்துப் படத்தடியில் வைத்தாள். வைத்த கையோடு ஏதோ செய்தி வந்து, போன் தானாக இரண்டு வார்த்தை பேசியது. நல்ல சகுனம் என்று நினைத்தாள். மூன்று விரலைத் திருநீற்றுக் கிண்ணத்தில் தோய்த்து, அதன் கறுத்த முகத்தில் ஒற்றினாள். போன் மறுபடி ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது. திருநீறு கொட்டிவிடாமல் சேலைத் தலைப்பால் சுற்றுப்புறத்தைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். மகனுக்கென்று வேண்டிக்கொள்ள வந்த வாய், ஏனோ மருமகளுக்கென்று வேண்டிக்கொண்டது.

மேனுகா தலை துவட்டிக்கொண்டு வந்து போனைத் தொட்டாள். தட்டினாள். வழுக்கினாள். இன்னொரு தரம் தட்டினாள்.

"நிலோ, கொஞ்சம் வாங்க."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை எண்ணெய்க் கையோடு உள்ளே ஓடி வரச் செய்தது.

"கதைக்குதில்ல."

"என்ன கதைக்குதில்ல? சத்தத்தைக் கூட்டிப் பாருங்க."

"கூட்டிட்டன். வாய் திறக்குதில்ல."

அவன் வாங்கிப் பார்த்தான். கறுப்பு. பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினான். கறுப்புத்தான். "பாவிச்ச போனைத் தலையில கட்டிட்டான். நான் இப்பவே போய் அவன்ட..."

"பத்து மணிக்குள்ள போய் வந்திருவீங்களா?"

அவன் மணியைப் பார்த்தான். இலட்சுமிப்பிள்ளை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருநீறு போனுக்குள் இறங்கிவிட்டது. அவள்தான் இறக்கினாள். மூன்று நாளாகத் தேடிய சாட்சி இதோ கைக்கு வந்துவிட்டது, ஆனால் அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் இருவரும் செட்டிபாளையம் வருவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"மேனு, நான் கடைக்குப் போன் எடுத்துச் சொல்லுறன், இண்டைக்கு வரல்லயெண்டு. திரையைத் திறக்கிற வழியிரிந்தாத் திறங்க. அவங்க எழுதுறதை நான் வாசிச்சுச் சொல்லுறன். நீங்க பதில் சொல்லுங்க. அவங்களுக்கென்ன தெரியப் போகுது?"

"நீங்க வாசிச்சுச் சொன்னா வேலை உங்களுக்குத்தான் தரோணும்" என்றாள் மேனுகா. "நாளைக்கு அங்க ஆரு வாசிக்கிற?"

அவள் போனை வாங்கிக் காதோடு வைத்துத் தட்டினாள். மிக மெல்லிய 'டிக்'. இன்னொரு தட்டு, இன்னொரு 'டிக்'. முகம் சற்றுத் தெளிந்தது.

"உயிர் இரிக்கு. ஸ்பீக்கரும் நல்லா இரிக்கு. குரல் மட்டும்தான் இல்ல." விரல் நுனியைக் கண்ணாடியில் தேய்த்தாள். இரண்டு விரலையும் உரசிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள்.

"மாமி."

இலட்சுமிப்பிள்ளை விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"திருநீறு பூசினீங்களா மாமி?"

"அம்மா!" என்றான் நிலோஜன்.

"ஓம்!" இலட்சுமிப்பிள்ளை வெடித்தாள். "பூசினன்தான். புதுச் சாமானுக்குச் சாமியக் காட்டாம வச்சிரிக்கீங்க. நல்லா வரட்டுமெண்டுதான் செஞ்சன். உள்ள போகுமெண்டு எனக்கென்ன தெரியும்? ஏசுறதெண்டா ஏசுங்க."

மேனுகா ஏசவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுத் தன் வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"இதுதான் போனெண்டு வச்சுக்கங்க. எப்படிப் பூசினீங்களோ அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க."

"என்னத்துக்கு?"

"செய்யுங்க மாமி. நேரம் போகுது."

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இலட்சுமிப்பிள்ளை அவளைத் தொட்டதில்லை. காலில் விழுந்தபோதும் ஆசீர்வாதம் காற்றோடு போயிற்று. இப்போது கிட்டே வந்து, ஈரம் காயாத அந்த உள்ளங்கையில் மூன்று விரலைச் சேர்த்து ஒற்றினாள். டக், டக். சாமிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. அவள் தாய் வீட்டுப் பழக்கம் அது.

"மூண்டு விரலாலயும் ஒண்டாவா? ரெண்டு தரமா?"

"ஓம். எப்பவும் அப்படித்தான்."

"அப்ப போன் ஏதும் சொல்லிச்சா?"

"இங்கிலீசுல ரெண்டு சொல்லுச் சொல்லிப்போட்டு அடங்கிச்சு."

மேனுகா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை இலட்சுமிப்பிள்ளை கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள், மூன்று விரலைச் சேர்த்தாள், மாமியார் தட்டிய அதே தட்டு. டக், டக்.

பெண்குரல் பாய்ந்து வந்தது, விட்ட மூச்சைப் பிடிக்கிறவள் போல.

"மூண்டு விரலால ரெண்டு தரம் தட்டினா 'பேசாதே' எண்டு அர்த்தம் மாமி. திரும்பத் தட்டினா 'பேசு'. நீங்க சொன்ன சொல்லை அது கேட்டிரிக்கு, அவ்வளவுதான். எனக்கே இந்தக் கட்டளை மறந்திரிந்தது. பழைய போனுல இது இல்ல."

"அப்ப திருநீறு உள்ள போகல்லயா?"

"ஒரு பொட்டும் போகல்ல."

இலட்சுமிப்பிள்ளை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நிலோஜன் தலையிலடித்துக்கொள்ளப் போய், கையிலிருந்த எண்ணெய் நினைவுக்கு வர நிறுத்தினான்.

பத்து மணிக்கு முதல் செய்தி வந்தது. டினேஷும் இன்னும் இருவரும் விருந்தினர் போல எழுதுவார்கள் என்பது ஏற்பாடு. கைக்குழந்தைக்கு வெந்நீர் வேண்டும். மேனுகாவின் ஆறு விரலும் ஏறி இறங்கின, பதில் போயிற்று. நாளைக் காலை படகு உண்டா? அதற்கும் போயிற்று. மூன்றாவதில் ஒரு படம் வந்தது. 'இது கடிக்குமா?' என்று கீழே ஒரு வரி.

போன் படத்தை ஆராய்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னதை நிலோஜன் தாய்க்குத் தமிழில் சொன்னான்: சுவர் ஒன்று, அதில் சிறிய பிராணி ஒன்று இருக்கலாம்.

"ஐயோ, என்னண்டு சொல்லப் போறா?" இலட்சுமிப்பிள்ளை மகனின் கையைப் பிடித்தாள்.

மேனுகா ஊகிக்கவில்லை. தொட வேண்டாம், ஆள் அனுப்புகிறேன், அதற்குக் கால் எத்தனை, வால் உண்டா என்று எழுதினாள். கால் நான்கு, வால் உண்டு என்று பதில் வந்தது.

அவள் எழுதி அனுப்பியதை வாயாலும் சொன்னாள்: "அது பல்லி. கடிக்காது. எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் வாடகை குடுக்காம இரிக்கிற ஆள். ஆனா உங்கட அறைக்கு நீங்க வாடகை குடுத்திரிக்கிறதால இப்பவே வெளியேத்துறம்."

இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பிறகுதான் நெருக்கடி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள். ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதென்று ஒருவர் கத்தாத குறையாக எழுதினார். மேனுகா பின்னால் போக விரலைக் கீழே இழுத்து இடப்பக்கம் வெட்டினாள். ஆறு வருடப் பழக்கம். புதுப் போனுக்கு அது விளங்கவில்லை. எங்கோ போய் நின்றது. அவள் அதைக் கவனிக்காமல் பதிலை எழுதி முடித்துவிட்டாள். அனுப்பும் பொத்தானில் விரல். நிலோஜன் கழுத்தை நீட்டினான். பார்க்க ஒன்றுமில்லை. கறுப்புத் திரை. அவனால் உதவ முடியாது, தாயாலும் முடியாது. அந்த வீட்டில் கண்ணிருந்த இருவரும் குருடாக நின்றார்கள்.

மேனுகாவின் விரல் எழும்பியது. அனுப்பாமல், மேலே போய் ஒருதரம் தட்டிக் கேட்டாள். போன் பெயரைச் சொன்னது. குழந்தைக்காரியின் பெயர். ஏசிக்காரருக்கான மன்னிப்பு அவளுக்குப் போகவிருந்தது.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். இரண்டு விரலை வைத்து அங்கிட்டும் இங்கிட்டும் தேய்த்தாள். பின்னால் வந்தாள். சரியான ஆளைப் பிடித்தாள். எழுதினாள். அனுப்பினாள். அதற்குப் பிறகு விரல் ஒரு தரமும் பழைய வழிக்குப் போகவில்லை. அரைமணி நேரத்தில் அந்த விரல்கள் புதுவீட்டில் குடிபுகுந்துவிட்டதை இலட்சுமிப்பிள்ளை கண்ணால் கண்டாள். எத்தனையோ ஆட்களின் கைவேலையைப் பார்த்தவள் அவள். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

டினேஷிடமிருந்து அழைப்பு வந்தது. போனின் முகத்தில் இரண்டு விரல் தட்டியதும் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மிஸ் மேனுகா, கண் தெரிஞ்ச ஆறு பேருக்கு இதே டெஸ்ட் வச்சன். நாலு பேர் அந்த ஏசிக் கதையை வேற ஆளுக்கு அனுப்பினாங்க. நீங்க அனுப்பல்ல. முதலாம் தேதி வாங்க."

"தேங்க் யூ சேர்."

"ஒண்டு மட்டும். முதல் மூண்டு மாசம் இஞ்ச வந்து தங்கித்தான் வேலை செய்யோணும். குவாட்டர்ஸ் இரிக்கு. குடும்பமா வந்தாலும் இடம் காணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்டுமில்ல சேர். வாறன்."

அழைப்பு முடிந்தது. நிலோஜன் சிரிக்கவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாம் மேனு."

"கேட்டா வேணாமெண்டிரிப்பீங்க."

"பாசிக்குடா எங்க, என்ர கடை எங்க? விடிஞ்சாப் பொழுதுபட்டா நான் ரோட்டில நிக்கிறதா? புது இடம், உங்களுக்கு ஆரையும் தெரியா." அவன் தாய்ப்பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. அவ போக வேணாமெண்டு சொல்லுங்க."

மேனுகாவின் முகமும் மாமியார் இருந்த திசைக்குத் திரும்பியது.

இதைச் சொல்லத்தான் இலட்சுமிப்பிள்ளை வந்தாள். மகனே எடுத்துக் கையில் தருகிறான். அவள் எழுந்து, மேசையில் சிந்தியிருந்த திருநீற்றைக் கையால் கூட்டி அள்ளினாள்.

"எங்கட ஊர்ப்பக்கம் கலியாணம் முடிச்ச ஆம்புள எங்கடா குடி போற?"

"என்னம்மா கேள்வி இது?"

"சொல்லு. எங்க போற?"

"பொண்டாட்டி வீட்டுக்கு."

"உங்கப்பா கல்குடாக்காரர். என்னைக் கட்டினதால செட்டிபாளையம் வந்தார். தோணியையும் வலையையும் தூக்கிக்கிட்டு வந்தார். என்ர தொழில் அங்க இரிக்கெண்டு ஒருநாளும் சொல்லல்ல. முதலாம் தேதியில இரிந்து இவள்ட வீடு பாசிக்குடாவில. நீ எங்க போகோணுமெண்டு நான் சொல்லோணுமா? அங்க ஹார்ட்வெயார் கடையே இல்லையா?"

நிலோஜன் தாயைப் பார்த்த பார்வை, தெருவில் வேறு யாரையோ தாய் என்று கூப்பிட்டுவிட்டவன் பார்வை. வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினான்.

கடைக்குப் போகிறவன் கல்லடிப் பாலத்துப் பக்கம் திரும்ப வேண்டும். சத்தம் மற்றப் பக்கம் தேய்ந்ததை முதலில் பிடித்தது மேனுகாதான்.

"மாமி, அவர் கடைக்குப் போகல்ல. செட்டிபாளையம் போறார், மாமாட்ட."

"முறைப்பாடு வைக்கவா?" இலட்சுமிப்பிள்ளை மேனுகாவின் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். "இஞ்ச புள்ள, அந்தப் போனில கெதியா அந்த மனிசனை எடு. இவன் போய்ச் சேர முந்தி நான் கதைக்கோணும்."

மேனுகா போனிடம் மாமாவின் பெயரைச் சொன்னாள். மணி போகத் தொடங்கியது. முப்பது வருடமாகச் செட்டிபாளையத்தில் மாப்பிள்ளையாக இருக்கும் தன் புருசன் தங்கராசா யார் பக்கம் பேசுவார் என்பது இலட்சுமிப்பிள்ளைக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.